தம்பிக்கு வைக்காத பெயர்

உங்களுக்கும் இது நடந்திருக்கும். எண்பதுகளில் சுவிசுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் மூத்த பிள்ளையாக இருந்தவர்களைத்தான் சொல்கிறேன். ஒரு வருடத்துக்குள் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, எங்கள் நாக்கில் ஏறிவிட்டது. பெரியவர்களுக்கு ஏறவில்லை. அதனால் ஒன்பது வயதிலும் பத்து வயதிலும் நாங்கள் வீட்டுக்கு வாயாக இருந்தோம். டொக்டரிடம் அம்மாவின் வயிற்று வலியை நாங்கள்தான் சொன்னோம். பொலிசிடம் அப்பா ஏன் நாட்டை விட்டு ஓடி வந்தார் என்று நாங்கள்தான் சொன்னோம். சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று எங்களை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இருபத்தாறு வயதில் பழைய நினைவு எழுதுகிறாளாம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பத்து வயதில் ஒரு பெரிய மனுசியின் வேலையைச் செய்தவளுக்கு அந்த வயது எப்போதோ வந்துவிட்டது.

எங்கள் பரம்பரையில் எழுத வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை எந்தச் சபையிலும் தலையை நிமிர்த்தித்தான் சொல்வேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. ஊரில் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மற்றவர்களின் உடுப்பைத் தோய்த்தவர்கள். சாதியின் பெயரை நான் எழுதத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கும். அந்த வேலையை விட்டு ஐயாயிரம் மைல் தள்ளி ஓடி வந்த அப்பாவுக்கு இங்கே கிடைத்ததும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை.

நாங்கள் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம். சன்னலைத் திறந்தால் ரயில் பாதை. அப்பா வேலையால் வந்தால் வீடு முழுக்கச் சோடாவும் சூட்டில் காய்ந்த பருத்தியும் மணக்கும். அவருடைய விரல்கள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும். அவர் என் கன்னத்தைத் தொட்டால் நனைந்த கடதாசி தொடுவது போல இருக்கும். சோபாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் ரின் இருந்தது, மூடியில் பனிமலைப் படம். எங்கள் விசா அட்டைகளும் அலுவலகக் கடிதங்களும் அதற்குள்தான். கடிதம் வந்தால் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். வாசித்து முடித்ததும் அப்பா அதை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி ரின்னுக்குள் வைப்பார். அந்த ரின் இப்போது எங்கே போனது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்த குளிர்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. நாங்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதை நான்தான் வாசித்தேன். வாசித்து முடிய அம்மா அடுப்பை நிற்பாட்டினாள். அதுமட்டும்தான் செய்தாள்.

அப்பா அந்தக் கடிதத்தைத் தன் செஃப்பிடம், சலவைக்கூடத்துப் பொறுப்பாளரிடம், கொண்டு போனார். சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பின்னால் செஃப் என்பார்கள், முன்னால் ஹெர் புறுனர், அதாவது புறுனர் ஐயா, என்பார்கள். உயரமான மனிதர், கன்னம் சிவந்தவர், அதிகம் பேச மாட்டார். அவர் அரை நாள் லீவு போட்டு, அப்பாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனார். இந்த மனிதன் இல்லாவிட்டால் என் இயந்திரங்கள் நிற்கும் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். மாசி மாதத்தில் பதில் வந்தது. நாங்கள் இருக்கலாம்.

அந்தப் பதிலை வாசித்த அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார்.

"பெடியன் பிறந்தா புறுனர் எண்டுதான் பேர்."

இதில் விசித்திரம் ஒன்றும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அப்பாவின் தமையன், என் பெரியப்பாவின் பெயர் ஹட்சன். அவர் பிறக்கும்போது தாயும் பிள்ளையும் சாகக் கிடந்தார்களாம். மிசன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டொக்டர் ஒருவர் இரண்டு உயிரையும் காப்பாற்றினாராம். டொக்டர் ஹட்சன். அதனால் பிள்ளைக்கும் அந்தப் பெயர். எங்கள் ஒழுங்கையில் இப்படி உயிர் தந்தவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நன்றி சொல்ல எங்களிடம் வேறு என்ன இருந்தது?

அது குடும்பப் பெயரா, சொந்தப் பெயரா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒருவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோமோ அதுதான் அவருடைய பெயர்.

தம்பி பங்குனி மாதத்தில் பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தான். பிறப்புத் தாளை நிரப்பியது நான். பெயர் என்ற கட்டத்தில் என் பள்ளிக்கூடக் கையெழுத்தில், வட்டமான எழுத்தில், புறுனர் என்று எழுதினேன். தாதி அதைப் பார்த்து, "கட்டம் மாறிவிட்டதா, செல்லம்?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு அவசரம். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளையைப் பார்க்கக் கீழ் மாடியிலிருந்து கிளாக்கர் மாமா வந்தார். ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். அந்தப் பகுதித் தமிழருக்கெல்லாம் அவர்தான் படிவம் நிரப்புவார். எங்களுக்கு மட்டும் தேவைப்படவில்லை, நான் இருந்தேன். அப்பாவை விட ஆறேழு வயது இளையவர். ஆனாலும் அப்பாவை நீ என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் கதிரையில் இருப்பார், தண்ணீர் குடிக்க மாட்டார்.

"என்ன பேர் வைச்சிருக்கிறாய்?"

"புறுனர் எண்டு வைச்சிருக்கிறன், ஐயா."

அவர் சிரித்த சிரிப்பில் தம்பி திடுக்கிட்டு அழுதான்.

"புறுனரோ! கந்தன், அது அந்தாளின்ர வீட்டுப் பேரெல்லே. ஆளின்ர பேரில்லை. உனக்கு ஆர் உதைச் சொல்லித் தந்தது? உங்கட ஆக்களுக்கு இப்ப வெள்ளைக்காரன்ர பேர் கேக்குதோ? பேசாமல் ஒரு சின்னப் பேராப் பாத்து வை."

அவர் போன பிறகு அம்மா சொன்னாள்:

"உவருக்கு எரியுது. வேறையொண்டுமில்லை."

அந்தக் கட்டடத்தில் உண்மையைத் தெரிந்துவைத்திருந்த பெரியவர் அவர் ஒருவர்தான். அந்த உண்மையை அவர் எப்படிச் சொன்னார் என்று பாருங்கள். எறிந்த எலும்பு போல. அதை அப்பா எப்படிக் குனிந்து எடுப்பார்?

ஆனாலும் அப்பாவுக்குள் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. படுக்கப் போகும் முன் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, கிளாக்கர் ஐயா சொன்னது மெய்யோ?"

மெய்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். செஃப்பின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அதற்குப் பின்னால் புறுனர் என்று இருந்தது. ஆனால் கிளாக்கர் மாமா சொன்னது சரி என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியாதப்பா."

அடுத்த புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா என்னைச் சலவைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா பிள்ளைப்பெற்ற உடம்பு என்பதால் முதல் நாள் அப்பாவே பயறு வறுத்து, இடித்து, பயித்தம் உருண்டை பிடித்திருந்தார். சில உருண்டைகள் உடைந்திருந்தன. உடைந்ததை அடியில் வைத்து நல்லதை மேலே அடுக்கியிருந்தார்.

அந்த இடத்தின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. படுக்கை விரிப்புகளை விழுங்கித் தட்டையாகத் துப்பும் பெரிய உருளைகள். அவற்றிலிருந்து எழும் நீராவியில் எல்லோருடைய முகமும் பளபளத்தது. இடைவேளை மணி அடித்ததும் உருளைகள் நின்றன. பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள், இத்தாலியர், ஸ்பானியர், இரண்டு சுவிஸ்காரப் பெண்கள். செஃப் ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தார். மா தொண்டையில் அடைத்து இருமினார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார்.

"இப்ப சொல்லு, பிள்ளை," என்றார் அப்பா. "எங்கட பெடியனுக்கு உங்கட பேர்தான் வைச்சிருக்கிறம் எண்டு சொல்லு. நீங்கள் செய்த உதவியை நாங்கள் சாகுமட்டும் மறக்க மாட்டம் எண்டும் சொல்லு."

வேலைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். நான் சொன்னேன். நல்ல டொச்சில், ஒரு பிழை இல்லாமல் சொன்னேன்.

பிறகு உருளைக்குப் பக்கத்தில் நின்ற இத்தாலிக்காரி ஒருத்தி கையை இடுப்பில் வைத்தாள்.

"ஓகோ, ஹெர் புறுனர்! பிள்ளை யாரைப் போல இருக்கிறது?"

அவ்வளவுதான். மண்டபமே வெடித்தது. ஒரு ஸ்பானியன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். செஃப்பின் சிவந்த முகம் இன்னும் சிவந்து, காது வரை போனது. எனக்குப் பத்து வயது. ஏன் சிரிக்கிறார்கள் என்று முழுவதும் விளங்கவில்லை. ஆனால் அம்மாவைப் பற்றி ஏதோ அழுக்கு அதில் இருக்கிறது என்று விளங்கியது.

செஃப் குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"உன் அப்பாவிடம் சொல். இங்கே அப்படிச் செய்வதில்லை. இது என்னைச் சங்கடப்படுத்துகிறது. வேறு பெயர் வைக்கட்டும்."

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உருண்டைப் பெட்டி இன்னும் அவர் கையில்.

"என்னவாம்?"

"சந்தோசமாம்," என்றேன்.

"பாத்தியோ!" என்றார் அப்பா. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சிரிப்பை இன்னும் அடக்கமுடியாமல் நின்ற ஒவ்வொருவரிடமும் போய் உருண்டை கொடுத்தார். அவர்கள் தன்னோடு சேர்ந்து சந்தோசப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தார்.

அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்தில் செஃப்பின் மகள் என்னைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மறித்தாள். இன்னும் மூன்று பேர் அவளோடு.

"உன் தம்பிக்கு ஏன் எங்கள் பெயர்? அது எங்களுடையது. உங்களுக்குச் சொந்தப் பெயர் இல்லையா? என் அம்மா வீட்டில் அழுகிறாள்."

என்னிடம் பதில் இருந்தது. ஹட்சன் பெரியப்பா இருந்தார், சாகக் கிடந்த தாயும் பிள்ளையும் இருந்தார்கள். அதையெல்லாம் அந்தச் சைக்கிள்களுக்கு நடுவில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அந்தப் பெயரை வெறுக்கத் தொடங்கினேன். வீட்டில் அப்பா, "புறுனர், புறுனர், கண்ணைத் திறவடா" என்று தம்பியைக் கொஞ்சும்போது கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் இருந்தேன்.

பிறகு நகரத்துப் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளையின் பெயர் தொடர்பாக நேரில் வரவும்.

போகும்போது பஸ்ஸில் அப்பா எனக்கு ஒரு விசயம் சொன்னார். அதற்கு முதல் சொன்னதில்லை.

"எனக்கு அப்பு வைச்ச பேர் கந்தசாமி. பதியப் போன இடத்தில பதிவுகாரர் சிரிச்சவராம். 'உனக்கென்னடா சாமி? கந்தன் காணும்' எண்டு எழுதிப்போட்டார். அப்புவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள் வாத்தியார் பேர் கூப்பிடேக்கதான் எங்களுக்குத் தெரியும். ரெண்டாம் நாள் நான் போகேல்லை."

பஸ் ஒரு தரிப்பில் நின்றது. ஒருவரும் ஏறவில்லை.

"கந்தனைக் கந்தா எண்டலாம், அடேய் எண்டலாம். ஹட்சன் அண்ணையை என்ன செய்யேலும்? அந்தப் பேரில வெட்ட ஒண்டுமில்லை. ஊரில பெரிய பெரிய ஆக்களும் ஹட்சன் எண்டுதான் கூப்பிட்டவை."

அந்தக் கந்தன்தான் இப்போது எங்கள் எல்லோருடைய குடும்பப் பெயர். விமான நிலையத்தில் யாரோ ஒரு அலுவலர் கடைசியில் இருந்த சொல்லைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டுவிட்டார். அம்மாவும் கந்தன், நானும் கந்தன். பதிவுகாரர் வெட்டிய அந்தத் துண்டு, பிறக்கப் போகும் எல்லாப் பிள்ளைக்கும் பின்னால் வரும். அதற்கு முன்னால் வெட்டுப்படாத ஒரு பெயர் நிற்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எனக்கு இது பஸ்ஸில் விளங்கியது. விளங்காமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் எங்களை அழைத்தவள் வயதான பெண். மூக்குக்கண்ணாடியை ஒரு சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். மேசையில் பெயர்கள் அச்சடித்த ஒரு புத்தகம். நல்ல மனுசி. எனக்கு ஒரு இனிப்புத் தந்தாள். அதுதான் இன்னும் கசக்கிறது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நான் இன்று அவளைத் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன்.

"இது குடும்பப் பெயர்," என்றாள். "குடும்பப் பெயரைப் பிள்ளையின் முதல் பெயராகப் பதிய எனக்கு அனுமதி இல்லை. அப்பாவிடம் சொல்."

சொன்னேன். அப்பா தான் இருந்த வாங்கின் நுனிக்கு வந்தார்.

"ஏனாம்? ஆற்றை பேரையும் களவெடுக்கேல்லையே. நன்றிக்கு வைக்கிறது. எங்கட ஊரில வழமை எண்டு சொல்லு. அண்ணைக்கும் அப்பிடித்தான் வைச்சது எண்டு சொல்லு."

நான் வாயைத் திறக்க முதல் அவளே கேட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்.

"உங்கள் நாட்டில் இது வழக்கமா? உதவி செய்தவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது? அப்படியென்றால் இரண்டு வரி எழுதித் தாருங்கள். ஒரு சாதாரணப் பெயரை முன்னால் வைத்து, இதை இரண்டாவது பெயராகப் போடலாமா என்று நான் மேலிடத்துக்கு அனுப்பிக் கேட்கிறேன். சில நேரம் விடுவார்கள்."

இரண்டு விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பேனையை என் பக்கம் தள்ளினாள். எழுதத் தெரிந்த ஆள் நான்தான் என்று அவளுக்கு விளங்கியிருந்தது.

எனக்கு இத்தாலிக்காரியின் இடுப்பில் இருந்த கை தெரிந்தது. சைக்கிள்களுக்கு நடுவில் நின்ற நான்கு பேர் தெரிந்தார்கள். இந்தப் பெயரோடு இவன் பள்ளிக்கூடம் வரும்போது ஒவ்வொரு வருடமும் நான் விளக்கம் சொல்ல வேண்டியது தெரிந்தது.

"நைன்," என்றேன், இல்லை என்று. "எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அப்பாவாக யோசித்தது."

அவள் தோளைக் குலுக்கினாள். பேனை மேசையிலேயே கிடந்தது. நான் அப்பாவிடம் திரும்பினேன்.

"சட்டம் விடாதாம்."

அப்பா சிறிது நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது பேராயும் விடாதாமோ?"

"ஓம். விடாதாம்."

"அப்ப நீயே ஒண்டு எழுது."

எழுதினேன். சுரேஷ். அந்த வருடம் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுரேஷ் இருந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்காத, ஒருவரும் கேள்வி கேட்காத பெயராகப் பார்த்து எழுதினேன். அப்பா கீழே கையெழுத்துப் போட்டார், நான்கு எழுத்து, ஒவ்வொன்றாக. எழுந்து நின்று அந்தப் பெண்ணை இரண்டு கையாலும் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. புறுனர் என்றும் இல்லை, சுரேஷ் என்றும் இல்லை. "டேய் பெடியா" என்பார், "இஞ்ச வா" என்பார். செஃப்போடு பேசுவதும் குறைந்துபோனது. செஃப் தான் தப்பித்தேன் என்று நினைத்திருப்பார். கிளாக்கர் மாமா படியில் கண்டால், "இப்பதான் ஒழுங்கான பேர்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

நான் படித்தேன். கொமெர்சியல் பயிற்சி முடித்து ஒரு நகரசபை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஆட்களில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த முதல் ஆள் நான். என் மேசைக்கு முன்னால் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் தங்கள் தாய் தகப்பனோடு வந்து நின்று மொழிபெயர்க்கிறார்கள். அவர்கள் வாயைப் பார்க்கவே எனக்குப் பயம்.

போன வருடம் தம்பி ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். தன் பெயருக்கு ஒரு கதையும் இல்லையா, யார் வைத்தது என்று சும்மா கேட்டான். அப்பா எழுந்து குசினிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியும் விரல்கள் அப்படியேதான் சுருங்கிக் கிடந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். சலவைக்கூடத்தில் செஃப் உண்மையில் சொன்னதைச் சொன்னேன். பேனையை என் பக்கம் தள்ளியதைச் சொன்னேன். இரண்டாவது பெயராக வைத்திருக்கலாம் என்பதைச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவர் அழவில்லை.

"செஃப் சொன்னது எனக்குத் தெரியாது," என்றார். "மற்றது தெரியும்."

"என்னெண்டப்பா?"

"கேள்வி கேட்டது அந்த மனிசி. நைன் எண்டது நீ. நைன் எண்டா என்ன எண்டு எனக்கு அப்பவும் தெரியும், பிள்ளை. வேலையில ஒரு நாளைக்கு நூறு தரம் கேக்கிற சொல்லு."

ரெண்டாவது பெயராயும் விடாதாமோ என்று அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண் இரண்டு விரலை உயர்த்திக் காட்டியதை அவரும் கண்டிருக்கிறார். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் தந்திருக்கிறார்.

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை? ஏன் கையெழுத்துப் போட்டனீங்கள்?"

அப்பா உரித்த உள்ளியை ஒரு பக்கம் ஒதுக்கினார். சருகைக் கையால் கூட்டி அள்ளினார். குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருக்கலாம்.

"எழுதத் தெரிஞ்ச ஆக்கள் எழுதினதுக்கு நாங்கள் எப்பவும் கையெழுத்துத்தானே, பிள்ளை, போடுறது."